அறுபத்தொரு மர்ஹூம்களும் ஒரு லாகினும்

குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையில் கடலைப் பார்த்துக்கொண்டு ஓர் ஊர் இருக்கிறது. பெயரைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் கிளம்பிவந்து, “எங்க ஜமாஅத்தப் பத்தித்தானே எழுதியிருக்கிய?” என்று சட்டையைப் பிடிப்பார்கள். அதனால் சொல்லவில்லை. அந்த ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு தலைக்கட்டு உண்டு. தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம், ஓர் உறுப்பினர் அட்டை, அட்டையில் ஓர் ஆண்பிள்ளையின் பெயர். இத்தனை குடும்பங்களுக்கும் கல்யாணம் நடத்த இருப்பது ஜமாஅத்துக்குச் சொந்தமான ஒரே ஒரு மஹால்தான். எண்ணூறு பேர் உட்காரலாம், ஏ.சி. உண்டு, கார் நிறுத்த இடம் கிடையாது. ஆனாலும் அங்கே நடக்காத கல்யாணத்தை ஊர் ஒரு கல்யாணமாகவே மதிப்பதில்லை.

மஹாலை முன்பதிவு செய்ய வெப்சைட் ஒன்று இருக்கிறது. அதைச் செய்துகொடுத்தவள் ஃபாஸிலா. வயது இருபத்தெட்டு. திருவனந்தபுரத்தில் மூன்று வருடம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, இப்போது உம்மா வீட்டு மாடியறையில் உட்கார்ந்தே வெளியூர் வேலைகளைச் செய்துகொடுக்கிறாள். கணவன் சபீர் சவூதியில், தம்மாமில். சொந்த ஊருக்காக அவள் செய்த முதல் வேலை இந்த வெப்சைட். நன்றாகத்தான் செய்திருந்தாள், ஆனால் கதவில்லாத வீடு கட்டியதுபோல ஆகிவிட்டது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து தேதியைப் பிடித்துவிடலாம். போன வருடம் மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஃபோனைத் தட்டியே நல்ல ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்களுக்குப் புதன்கிழமைகள் மிஞ்சின.

ஊர் கொதித்தது. ஜமாஅத் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது: இனி முன்பதிவு திறக்கும்போது முதல் ஒரு வாரம் ஊர் உறுப்பினர்களுக்கு மட்டும். செயலாளர் ஜலாலுதீன் அன்றைக்கே ஃபாஸிலாவைக் கூப்பிட்டார்.

“மக்களே, நம்ம வெப்சைட்டுக்கு ஒரு வாசல் வைக்கணும் கேட்டியா. நம்ம ஆளு மட்டும்தான் உள்ள வரணும்.”

“வச்சிரலாம் மாமா.”

“எத்தன நாளாவும்?”

“பத்து நாள்.”

பத்து நாள் என்று சொன்ன வாயைப் பிறகு அவளே அடித்துக்கொண்டாள். ஆனால் சொல்லும்போது அவளுக்கு வேறு ஒரு அவசரம் இருந்தது.

தங்கை ஜஸ்னாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை ஜுனைத் ஷார்ஜாவிலிருந்து முப்பது நாள் லீவில் வருகிறான். ஆகஸ்ட் இருபத்திரண்டில் திரும்பியாக வேண்டும். அந்த லீவில் பெரும்பகுதி சபர் மாதத்தில் போய்விடுகிறது. சபரில் கல்யாணம் வைக்கக் கூடாது என்று மார்க்கத்தில் எங்கேயும் இல்லை என்று பள்ளிவாசல் இமாம் வருடா வருடம் சொல்கிறார். ஊரும் வருடா வருடம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சபரில் கல்யாணம் வைக்காமல் இருக்கிறது. ஆக, மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு: ஆகஸ்ட் பதினாறு. அந்த ஞாயிற்றின்மேல் ஊரில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகள் கண் வைத்திருந்தன.

ஃபாஸிலாவின் கல்யாணத்துக்கு இந்த மஹால் கிடைக்கவில்லை. ஐந்து வருடம் இருக்கும். வாப்பா மைதீன் கண்ணு இறந்து ஒரு வருடம்கூட முடியாத சமயம். அப்போது வெப்சைட் கிடையாது. ஆபீஸ் வாசலில் வரிசைதான். உம்மா ஜைனம்பு விடியற்காலையில் சுபுஹு தொழுத கையோடு போய், அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், “வீட்டில ஆம்பிள ஆரையாவது வரச் சொல்லுங்கோ” என்றார். கோட்டாற்றில் இருக்கும் சாச்சா, வாப்பாவின் தம்பி, பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் தேதி போய்விட்டது. கல்யாணம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. அன்றைக்குப் பெய்த மழையில், பிரியாணி அண்டாவுக்குள் தண்ணீர் விழாமல் நாலு பேர் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைவிட அந்தத் தார்ப்பாய்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

உம்மா அதைப் பற்றி அதற்குப்பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனாலேயே ஃபாஸிலாவுக்கு அது ஆறவில்லை. தங்கையின் கல்யாணம் அந்த மஹாலில் நடக்க வேண்டும், உம்மா போய் நின்று அதை வாங்க வேண்டும், யாரும் அவளிடம் ஆண்பிள்ளையைக் கூட்டிவா என்று சொல்லக் கூடாது. தான் கட்டப்போகிற வாசலிலிருந்து ஃபாஸிலாவுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

ரெடிமேடாகக் கிடைக்கிற லாகின் படிவம் ஒன்றை எடுத்து மாட்டினால் அரை நாள் வேலை. அதில் இரண்டே கட்டம்: இமெயில், பாஸ்வேர்டு. முதல் நாள் பத்து வீடுகளில் விசாரித்தாள். “இமெயிலா? அது வினோஜ் கடையில உண்டு” என்று பத்து வீட்டிலும் ஒரே பதில்.

வினோஜ் பஸ் ஸ்டாப் முக்கில் மொபைல் கடை வைத்திருப்பவன். ஊரில் யார் புது ஃபோன் வாங்கினாலும் இமெயில் திறந்து கொடுப்பது அவன்தான். ஃபாஸிலா போய்க் கேட்டாள்.

“நான்தான் போட்டுக் குடுத்தேன் மக்கா. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறக்காம இருக்கட்டுன்னு.”

“என்ன பாஸ்வேர்டு?”

“அதுதான் மறந்து போச்சு.”

மறந்தால் மீட்டுக்கொள்வதற்கு எல்லோருடைய கணக்கிலும் தன்னுடைய நம்பரையே கொடுத்து வைத்திருந்தான். ரெடிமேடு படிவத்தை மாட்டியிருந்தால் ஊரின் கல்யாணத் தேதிகள் முழுவதும் வினோஜின் சட்டைப்பையில் இருந்திருக்கும். நல்ல பையன்தான், பாவம். ஆனாலும் அது சரிப்படாது. ஃபாஸிலா இமெயிலைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டு, சொந்தமாக ஒரு படிவம் எழுத உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு கட்டம்: அட்டை எண். எண்ணை அடித்தால் அந்த வீட்டுக்காரர் ஃபோனுக்கு ஆறு இலக்கத்தில் ஓ.டி.பி. போகும். அதை அடித்தால் கதவு திறக்கும். பாஸ்வேர்டு என்கிற தொல்லையே கிடையாது. எழுத்து பெரிசு, பொத்தான் பெரிசு, எல்லாம் தமிழில். செயலாளர் ஜமாஅத் ரிஜிஸ்டரை டைப் செய்து அனுப்பியிருந்தார். பெயர், அட்டை எண், ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் அதிலிருந்து அப்படியே ஏற்றினாள். நாலாம் நாள் சாயங்காலம் படிவம் ஓடத் தொடங்கியது. பார்க்க அழகாக இருந்தது. அவளுக்கே அவள்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க உம்மாவிடம் கொண்டு போனாள்.

உம்மா தையல் மெஷினில் இருந்தாள். வாப்பா போன பிறகு வீட்டை ஓட்டியது அந்த மெஷின்தான். ஊரில் பாதிப் பெண்களின் சுடிதாரும் பர்தாவும் அதில் தைத்தவை.

“உம்மா, அட்டைய எடுத்து நம்பரப் பாத்து இதில அடிங்கோ.”

ஜைனம்பு இருநூற்றுப் பதினாலு என்று அடித்தாள். அவள் ஃபோனுக்கே ஓ.டி.பி. வந்தது. ரிஜிஸ்டரில் இருந்தது வாப்பாவின் நம்பர்; வாப்பாவின் சிம்மைத்தான் ஆறு வருடமாக உம்மா வைத்திருக்கிறாள். வந்த எண்களை அவள் உடனே அடிக்கவில்லை. வெட்டுத்துணி ஒன்றை எடுத்து, தையல் சாக்பீஸால் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக எழுதினாள். எழுதியதை வாசித்துப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு பிஸ்மில்லா சொல்லி அடிக்கத் தொடங்கினாள். அதற்குள் ஃபாஸிலா வைத்திருந்த இரண்டு நிமிடம் தீர்ந்து, நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது.

“என்ன மோளே, உன் கதவுக்கு இம்புட்டு அவசரம்?”

ஃபாஸிலா அங்கேயே உட்கார்ந்து இரண்டு நிமிடத்தைப் பத்து நிமிடமாக மாற்றினாள். இரண்டாம் தடவை கதவு திறந்தது. பூக்களின் படத்துக்கு நடுவில் பெரிய எழுத்தில் வந்தது: வருக, மர்ஹூம் மைதீன் கண்ணு!

இறந்துபோன ஆணின் பெயருக்கு முன்னால் போடுகிற சொல் மர்ஹூம். ரிஜிஸ்டரில் உள்ளபடியே அது ஏறி வந்திருந்தது. உம்மா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்து முடித்தாள். ஜஸ்னா எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வாப்பாவ எதுக்கு மோளே விளிக்குதே?” என்றாள் உம்மா. “அவுங்க வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே நான் இவ்வளவு நாளும் ஓடுனேன்.”

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். ஃபாஸிலாவுக்கு முகம் எரிந்தது. ஆபீஸ் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆண்பிள்ளையை வரச் சொன்னவர் செய்ததைத்தான் அவளுடைய அழகான படிவமும் செய்திருக்கிறது. பூப்படம் வைத்துச் செய்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாடிக்குப் போய் ரிஜிஸ்டரில் தேடிப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் அறுபத்தொன்று மர்ஹூம்கள். வாசலை அப்படியே திறந்துவிட்டிருந்தால் அறுபத்தொரு இறந்தவர்களை வரவேற்றிருப்பாள். பெயர் மாற்ற வேண்டுமானால் இறந்தவரின் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஜமாஅத் விதி. ஒருவன் கத்தாரில், ஒருவன் மஸ்கட்டில் என்றால் எப்போது போடுவது? விதவைகளோ கேட்கவே இல்லை. கேட்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதும் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களின் கதையும் இதைவிட மேல் இல்லை. பாதி நம்பர் வளைகுடா நம்பர். இங்கே மனைவி தேதி பிடிக்க உட்கார்ந்திருப்பாள், ஓ.டி.பி. தம்மாமில் போய் விழும், சபீரைப் போன்றவர்கள் டூட்டியில் இருப்பார்கள்.

ரிஜிஸ்டரில் பெண்களே இல்லை. ஊரில் பெண்களின் பெயரும் நம்பரும் எங்கேதான் எழுதியிருக்கிறது என்று யோசித்தவள், கீழே மெஷின் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து ஓடினாள்.

உம்மாவின் அளவு நோட்டு! பத்துப் பதினைந்து வருடமாக எழுதிவருகிற தடித்த நோட்டுகள் மூன்று. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெண்ணின் பெயர், எந்த வீடு, ஃபோன் நம்பர், அதற்குக் கீழே அளவுகள். ஊரின் மற்றப் பாதி முழுவதும் அந்த நோட்டுகளில் இருந்தது.

“கேக்காம ஒருத்தி நம்பரையும் தரமாட்டேன்” என்றாள் உம்மா. இரண்டு நாள் தையலை ஒதுக்கிவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வீட்டு அட்டையில் உன் நம்பரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். சேர்க்கச் சொன்னவர்களின் பக்கத்தைத் திறந்து, அளவுகள்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு ஃபாஸிலாவிடம் காட்டினாள்.

“நம்பர மட்டும் எழுது. கீழ பாக்கப்பிடாது.”

“நான் பாத்து என்ன உம்மா செய்யப்போறேன்?”

“அது அவங்க என்கிட்ட சொன்னதாக்கும்.”

முந்நூற்று இருபது வீட்டுக்குப் பெண்களின் நம்பர் ஏறிவிட்டது. ஒரு அட்டைக்கு நாலு ஃபோன்வரை சேர்க்கும்படி ஃபாஸிலா படிவத்தை மாற்றினாள். முதல் தடவை உள்ளே வருகிறவரிடம், உங்கள் பெயர் என்ன என்று அது கேட்கும். சொன்ன பெயரால் வரவேற்கும். அந்தப் பெயரே ரசீதிலும் வரும். மர்ஹூம்களின் பெயரை எங்கேயும் தெரியாதபடி எடுத்துவிட்டாள்.

கமிட்டிக்குக் காட்டும் நாள் வந்தது. பதினொரு ஆண்கள், ஒரு நீள மேசை, சுவரில் ஒரு திரை. ஃபாஸிலா லேப்டாப்பை இணைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். மற்றவர்கள் ஜலாலுதீன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பதினெட்டு வருடமாகச் செயலாளர். ரிஜிஸ்டர் இருக்கும் பீரோவின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும்; மக்காவுக்கு உம்ரா போனபோதும் கொண்டு போனதாகச் சொல்வார்கள்.

“ரிஜிஸ்டர்ல உள்ள பேருதான் ரசீதுல வரணும்” என்றார். “உள்ள வாறவங்க இஷ்டத்துக்குப் பேரு அடிச்சா, பின்ன ரிஜிஸ்டர் எதுக்காக்கும்?”

“ரிஜிஸ்டர்ல உம்மா பேரு இல்ல மாமா.”

“அதுக்கு நான் என்ன செய்யட்டு? விதி அப்படி. நாகர்கோவில்ல ஒரு கம்பெனிக்காரன் நேத்து வந்து பாத்தான். இமெயில் வச்சு, ரிஜிஸ்டர்ப்படி, ரெண்டு நாள்ல முடிச்சுத் தாரேங்குதான். நீ முதல்ல செஞ்சு வச்சிருந்தியே, அது போதும். அதைப் போடு. இல்லன்னா அவன்ட்ட குடுத்திருவோம்.”

பழைய படிவம் லேப்டாப்பில் இன்னொரு பக்கத்தில் திறந்தே இருந்தது, சோதனைக்காக ஓ.டி.பி. கேட்காமலே திறக்கும்படி வைத்திருந்தாள். ஜலாலுதீன் எழுந்துவந்து தன் அட்டை எண்ணை அடிக்க விரலை நீட்டினார். அவர் அட்டை எண் ஏழு. ஏழாம் எண்ணில் யார் பெயர் இருக்கிறது என்று ஃபாஸிலாவுக்குத் தெரியும். அறுபத்தொரு பேரையும் அவள் மனப்பாடமாகவே வைத்திருந்தாள். பத்துப் பேர் முன்னிலையில் பெரிய மனிதர் ஒருவரைக் கூனிக்குறுக வைத்து ஜெயிக்க அவளுக்கு மனமில்லை.

“மாமா, அது வேண்டாம்...” என்றாள்.

அதற்குள் அடித்துவிட்டார். சுவர் முழுக்கப் பூக்கள் மலர்ந்தன. வருக, மர்ஹூம் அசனார் பிள்ளை!

யாரும் சிரிக்கவில்லை. ஜலாலுதீன் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எங்க வாப்பா” என்றார். “இருவத்திரண்டு வருஷமாச்சு.”

பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “பதினெட்டு வருஷமா இந்த ரிஜிஸ்டர நான் எழுதுதேன். இதுல என் பேரு இல்ல, இல்லியா?”

“இல்ல மாமா.”

“மாத்தணும்னு எத்தனையோ தடவ எடுத்து வச்சதாக்கும். வாப்பா பேர என் கையால வெட்ட மனசு வரல.”

அப்போதுதான் ஃபாஸிலாவுக்குத் தன் புதுப் படிவத்தின் தவறும் தெரிந்தது. அறுபத்தொரு பேரையும் ஒரே அடியில் மறைத்துவிட்டு, சரி செய்துவிட்டதாகப் பெருமைப்பட்டிருந்தாள். வாப்பாவின் சிம்மை உம்மா ஆறு வருடமாக ரீசார்ஜ் செய்து வைத்திருப்பது எதற்காக? வேறு நம்பர் வாங்கத் தெரியாமலா? அதை அவள் யோசிக்கவே இல்லை.

“வெட்டாண்டாம் மாமா” என்றாள். “அவுங்க பேரு வீட்டுக்கு இருக்கட்டு. உங்க பேரு உங்களுக்கு.”

நின்றபடியே புதுப் படிவத்தைத் திறந்து மாற்றினாள். பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கால் மணி நேரத்தில் இரண்டு வரி வந்தது. மேலே, பதிவு செய்பவர் என்று எழுதி ஒரு காலிக் கட்டம். அதன் கீழே, மாற்ற முடியாத எழுத்தில்: மர்ஹூம் அசனார் பிள்ளை வீடு. வீட்டுக்கு ஒரு பெயர் சொல்லி அழைப்பது அந்த ஊரில் புதிதல்ல. தெருவில் இன்றைக்கும் யார் மகன் என்று கேட்பதற்கு முன் எந்த வீடு என்றுதான் கேட்பார்கள். ஊர் வாயில் எப்படி இருந்ததோ அப்படியே அவள் படிவத்தில் எழுதியிருந்தாள்.

ஜலாலுதீன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காலிக் கட்டத்தில் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார். ஒரு எழுத்து பிழையாக விழுந்தது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். திரையில் அவரும் அவருடைய வாப்பாவும் மேலும் கீழுமாக நின்றார்கள்.

“இதப் போடு மக்களே. கம்பெனிக்காரன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். விதியை மாத்தணும்னா அதையும் நான் எழுதிக்கிடுதேன்.”

ஃபாஸிலா வீட்டுக்கு நடந்துதான் போனாள். ஆட்டோ ஒன்று வந்து பக்கத்தில் நின்றபோதுகூட ஏறவில்லை. கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தி நடக்க வேண்டும்போல இருந்தது, அதனால் நடந்தாள்.

முன்பதிவு திறக்கிற நாள், ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி. ஒன்பதரைக்கே ஜஸ்னா மாடிப்படியில் உட்கார்ந்து நகம் கடிக்கத் தொடங்கிவிட்டாள்.

“ராத்தா, எல்லாச் சாவியும் உன் கையிலதானே இருக்கு. இப்பமே பதினாற நம்ம பேருல போட்டிரேன். ஆருக்குத் தெரியும்?”

உண்மையில் அது ஒரு நிமிட வேலை. ஃபாஸிலா பதில் சொல்வதற்கு முன் கீழேயிருந்து உம்மாவின் குரல் வந்தது.

“போட்டா அந்த மஹால்ல நான் கால் வைக்கமாட்டேன். ஏட்டி ஜஸ்னா, கேட்டியா? போன தடவையும் நான் வரிசையிலதான் நின்னேன். இந்தத் தடவையும் நின்னுதான் வாங்குவேன்.”

பத்து மணி ஆனது. ஃபாஸிலா தன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து ஒன்றுக்கு முதல் பெயர் வந்தது: நூர்ஜஹான், எண்பத்தெட்டாம் எண் அட்டை. பிறகு சல்மா. பிறகு ஐசா பீவி, மர்ஹூம் காசிம் வீடு. ரிஜிஸ்டர் தொடங்கிய நாளிலிருந்து அதில் ஏறாத பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒவ்வொரு பெயருக்கும் அவளுக்குக் கை தட்டவேண்டும்போல இருந்தது. ஆகஸ்ட் பதினாறு இன்னும் யாரும் பிடிக்காமல் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் இருநூற்றுப் பதினாலைக் காணவில்லை.

பத்து மூன்றுக்கு மேல் பொறுக்க முடியாமல் கீழே ஓடினாள். உம்மா வெட்டுத்துணியில் சாக்பீஸால் ஓ.டி.பி. எழுதிக்கொண்டிருந்தாள். நாலு எண் முடிந்திருந்தது. ஃபாஸிலா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஜஸ்னா கண்ணை மூடிக்கொண்டாள். உம்மா மீதி இரண்டையும் எழுதி, வாசித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மறுபடி வாசித்து, பிஸ்மில்லா சொல்லி அடித்தாள்; பெயர் கேட்டதும் அதையும் அடித்தாள். பத்து நிமிடம் வைத்த கதவு பொறுமையாகக் காத்திருந்தது.

வருக, ஜைனம்பு! கீழே, மர்ஹூம் மைதீன் கண்ணு வீடு.

உம்மா அந்த இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். “உம்மா, தேதி!” என்று ஜஸ்னா கத்திய பிறகுதான் பதினாறைத் தொட்டாள். பச்சை சிவப்பானது. உங்கள் தேதி பதிவாகிவிட்டது என்று வந்தது. ஜஸ்னா உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். உம்மா, “துணி கசங்குது, தள்ளு” என்றாள்.

பத்தேகாலுக்கு ஜலாலுதீன் ஃபோன் செய்தார்.

“மக்களே, எங்க தம்பி மகளுக்குப் பதினாறு பாத்து வச்சிருந்தோம். நாப்பது செகண்டு வித்தியாசத்துல உங்க உம்மாட்ட போச்சு. முப்பதுதான் கெடச்சுது.”

“மன்னிக்கணும் மாமா” என்றாள் ஃபாஸிலா.

“எதுக்கு மன்னிக்கணும்? செயலாளருக்கே கெடைக்கலன்னா வாசல் நல்லாட்டு இருக்குன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த வாரம் பதிவான முப்பத்தெட்டில் இருபத்தாறு பெண்களின் பெயரில் இருந்தன. ஃபாஸிலா அதைச் சபீரிடம் ஒரு தடவையும், பழைய கம்பெனித் தோழிகளிடம் ஒரு தடவையும், சும்மா ஃபோன் செய்த சாச்சாவிடம் ஒரு தடவையும் சொன்னாள். சொல்லக் கூடாதா என்ன? செய்தவள்தானே சொல்ல முடியும்.

மே மாதத்தில் ஒருநாள் உம்மாவும் அவளும் கல்யாணக் கார்டு அடிக்கப் பக்கத்தில் உள்ள கருங்கல் என்ற ஊருக்குப் போனார்கள். சிலுவைதாசனின் அச்சகம், அந்தப் பக்கத்து எல்லாச் சாதி மதக் கார்டுகளும் அவர் கையால் போனவைதான். ஃபாஸிலாவின் கார்டும் அங்கேதான் அடித்தது. சிலுவைதாசன் கம்ப்யூட்டரில் பழைய கார்டைத் தேடி எடுத்து, பெயர்களை மாற்றிக்கொண்டே வந்து, கடைசி வரியில் நின்றார்.

“அழைப்பதுன்னு இருக்கிற இடத்துல கோட்டாத்துச் சாச்சா பேரு இருக்கு. அப்படியே விட்டிரட்டா? வாப்பா இல்லாத வீட்டுக்கு அதுதானே வழக்கம்.”

ஃபாஸிலா வாயைத் திறந்தாள். உம்மா அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள். கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். மஹால் ரசீது. அதை மேசையில் விரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவினாள். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்தாள்.

“சாச்சாட்ட சொல்லியாச்சு. இன்னா, இதுல எப்படி இருக்கோ அப்படியே போடுங்கோ.”

சிலுவைதாசன் குனிந்து வாசித்தார். “ஜைனம்பு. மர்ஹூம் மைதீன் கண்ணு வீடு.” நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தார். பிறகு சாச்சாவின் பெயரை எடுத்துவிட்டு, அந்த இரண்டு வரியையும் அடித்தார். கார்டின் அடியில் அது வந்து உட்கார்ந்தது. தான் மாடியறையில் எழுதிய வரிகள் ரோஜாப்பூ விளிம்புக்குள் நிற்பதை ஃபாஸிலா பார்த்தாள். கண் கலங்கியது, துடைக்கவில்லை.

“சரியாட்டு இருக்கா அம்மா?” என்றார் சிலுவைதாசன்.

உம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தாள்.

“எழுத்த இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்கோ” என்றாள்.